போர்டுல சீட் குடுத்தா மட்டும் போதுமா?

சிறுகடன், தொழில் பயிற்சி, வீட்டு வசதின்னு ஒரு பகுதியோட பொருளாதாரத்தை தூக்கி விடுற தொண்டு நிறுவனங்களோட போர்டுக்கு, அதாவது நிர்வாகக் குழுவுக்கு, கணக்கு விளக்குறது என் வேலை. அங்க அடிக்கடி பாக்குற ஒரு விஷயம், அந்தப் பகுதி ஆளுங்க ரெண்டு மூணு பேர் போர்டுல இருப்பாங்க, லெட்டர்ஹெட்ல பேரும் இருக்கும், ஆனா மீட்டிங் முடியுற வரைக்கும் பேசவே மாட்டாங்க. விஷயம் தெரியாமயா? அந்தத் தெருவுல எந்தக் கடை மூடப்போகுது, யாரு தவணை கட்டத் திணறுறாங்கன்னு அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். ஆனா முந்தின நாள் ராத்திரி மெயில்ல கட்டு கட்டா பேப்பர் வந்தா, வேலைக்குப் போயிட்டு வர்ற மனுஷன் எப்போ படிச்சு எப்போ கேள்வி கேக்குறது?

இது சேர்மன் சரி பண்ண வேண்டிய வேலை. பேப்பர் ஒரு வாரம் முன்னாடியே போகணும், முதல் பக்கத்துல இன்னிக்கு என்ன முடிவு எடுக்கணும்னு எளிமையா இருக்கணும், பேசும்போது போர்டுல இருக்குற பேங்க் ஆளும் வக்கீலும் கடைசியில பேசட்டும், ஏன்னா அவங்க முதல்ல பேசிட்டா மத்தவங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்க.

இந்தச் சிக்கல் புதுசு இல்ல. 1967ல நியூயார்க்ல பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட் பகுதிக்காக அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி முன்ன நின்னு ஆரம்பிச்ச முயற்சியில ரெண்டு தனி அமைப்பு போட்டாங்க, ஒண்ணுல அந்தப் பகுதி மக்கள், இன்னொண்ணுல பெரிய கம்பெனித் தலைவர்கள். பணத்துக்கு ஒரு மேஜை, மக்களுக்கு ஒரு மேஜைன்னு பிரிஞ்சு கிடந்தத 1974லதான் ஒண்ணாக்குனாங்க. நிலத்தை பொதுவுல வச்சுக்கிட்டு அதுல மக்களுக்கு வீடு கிடைக்க வைக்குற கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்ல வழக்கமா போர்டை மூணாப் பிரிப்பாங்க, அந்த நிலத்துல வீடு வச்சிருக்கிறவங்க ஒரு பங்கு, சுத்துவட்டார மக்கள் ஒரு பங்கு, பொதுநலன் பாக்குற மத்தவங்க ஒரு பங்கு. ஏழைகளுக்கு சிறுகடன் குடுக்குற வங்கதேசத்து கிராமீன் வங்கியில போர்டு டைரக்டர்கள்ல பெரும்பாலானவங்களை கடன் வாங்குறவங்களே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்குறாங்க. மூணும் மூணு விதம், ஆனா எண்ணிக்கையில பலம் இருந்தா பேச தைரியம் வரும், ஒத்த ஆளா உக்கார வச்சா வராது.

"பகுதி ஆளுங்களை போட்டா சொந்தக்காரனுக்கே கடன் போயிடுமே"ன்னு ஒரு பயம் எப்பவும் வரும். நியாயமான பயம்தான், ஆனா பேங்க் ஆளுக்கும் பில்டருக்கும் அதே நலன் முரண், அதாவது சொந்த லாபமும் நிறுவனத்தோட நலனும் மோதுற சிக்கல், இருக்கு, அதை யாரும் பெருசா பேசுறதில்ல! எல்லாருக்கும் ஒரே விதி வைங்க. தனக்கு எங்கெங்க சொந்த லாபம் இருக்குன்னு வருஷா வருஷம் எழுத்துல அறிவிக்கணும், தன் விஷயம் வந்தா எழுந்து வெளிய போகணும், ஓட்டும் கிடையாது, போனது மீட்டிங் குறிப்புல (மினிட்ஸ்) பதிவாகணும்.

அடுத்தது பணம். பேங்க் பேலன்ஸ் பெருசா இருக்குன்னு நிம்மதியா இருக்குற போர்டுகளைப் பாத்தா எனக்கு பதறும், ஏன்னா அதுல பாதிக்கு மேல குறிப்பிட்ட திட்டத்துக்குன்னு வந்த கிராண்டா இருக்கலாம், அதை எடுத்து சம்பளம் போட முடியாது. கட்டுப்பாடு இல்லாத பணம் எத்தனை மாசச் செலவுக்குத் தாங்கும்னு தனியா கேளுங்க. கடன் குடுக்குற நிறுவனமா இருந்தா, தவணை 30 நாளுக்கு மேல தவறின கடன்களோட மொத்த பாக்கி, நிலுவையில இருக்குற எல்லாக் கடன்லயும் எத்தனை சதவீதம்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் கேளுங்க. வசூல் ஆகாதுன்னு ஒதுக்கி வச்ச தொகை அதுக்குப் போதுமான்னும் சேர்த்துக் கேளுங்க.

நிறுவனத்தை தினமும் நடத்துற டைரக்டரோட வேலையை வருஷத்துக்கு ஒரு தடவை மதிப்பிடுறதையும் தள்ளிப் போடாதீங்க. நல்ல மனுஷன், ராப்பகலா உழைக்கிறார்னு யாரும் கேள்வி கேக்காம விட்டுட்டா, நிறுவனம் தடுமாறுறது போர்டுக்கு கடைசியாத்தான் தெரியவரும், அதுக்குள்ள அங்க கடன் வாங்கி கடை போட்டவங்க நடுத்தெருவுல நிப்பாங்க.