ஆம்ஸ்ட்ராங் ஏன் தாமதமாக வருகிறார்?

அமெரிக்க ஜாஸ் பாடகரும் டிரம்பெட் கலைஞருமான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரலைக் கேட்டால் எந்தப் பாட்டு வாத்தியாரும், "தொண்டை சரியானதும் வாப்பா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு கரகரப்பு. 1964இல், தன் 62ஆம் வயதில், 'ஹலோ, டாலி!' என்ற பாட்டோடு அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து பீட்டில்ஸ் குழுவை அவர் இறக்கியது இந்தக் குரலை வைத்துத்தான். குரல் வளத்தைச் சொல்லி இதை விளக்க முடியாது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

மெட்டுப்படி ஒரு சொல் தாளத் தட்டின் மேல் விழ வேண்டும். தட்டு விழுகிறது, ஆளைக் காணோம். கொஞ்சம் கழித்து, அவசரமே இல்லாமல் வருகிறார். விட்ட நேரத்தை அடுத்த இரண்டு மூன்று சொற்களை நெருக்கி அடுக்கிச் சரிக்கட்டிவிடுகிறார். பின்னால் வாசிக்கும் பியானோவும், கீழ் சுரங்களை வாசிக்கும் பாஸ் வாத்தியமும் துளிகூட அசைவதில்லை. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுக்கும் அனாகத எடுப்பு நினைவுக்கு வரலாம். அது வேறு. அங்கே எவ்வளவு தள்ளி எடுப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. இவர் வரிக்கு வரி வேறு அளவு தள்ளுவார்.

இது காதுக்கே தெரிகிற தாமதம். தெரியாத தாமதம் ஒன்றும் ஜாஸில் உண்டு. ஒரு தட்டை இரண்டாகப் பிரித்தால், ஜாஸ்காரர்கள் இரு பாதிகளையும் சமமாக வாசிக்க மாட்டார்கள். நடுத்தர வேகத்தில் முதல் பாதி இரண்டாவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு நீளம். வேகம் கூடக் கூட இரண்டும் சமத்தை நெருங்கும். இதுதான் ஸ்விங் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான தனி வாசிப்புகளை அளந்து பார்த்து, 2022இல் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்கள். தட்டின் மேல் விழும் சுரங்களைத் தனி வாசிப்பாளர்கள் இம்மியளவு, 30 மில்லி வினாடி போல, தள்ளி வாசிக்கிறார்கள். தட்டுகளுக்கு இடையில் வரும் சுரங்களோ தாளக்காரர்களோடு ஒன்றாகவே விழுகின்றன. கேட்பவர் எவருக்கும் இந்த இடைவெளி தனியாகக் காதில் படாது. ஆனால் கால் தானாக ஆடும்.

ஆம்ஸ்ட்ராங் இதையெல்லாம் அளந்து செய்தவர் அல்ல. 1901இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில், கொண்டாட்டத்தில் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காகச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே டிரம்பெட்டின் உறவுக்கார வாத்தியமான கார்னெட்டை ஒழுங்காகக் கற்றார்.

ஒரே ஒரு இசைத்தட்டு கேட்க நேரம் இருந்தால், 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' கேளுங்கள். எடுத்த எடுப்பில் டிரம்பெட் மட்டும், கால் நிமிடம்கூட இல்லை. முதல் நான்கு சுரங்கள் ஒரே நீளம், எந்த அலங்காரமும் கிடையாது. தாளம் போட ஆளே இல்லை, இருந்தும் அந்த நான்கிலேயே நமக்குத் தாளம் கேட்டுவிடுகிறது. நடுவில் கிளாரினெட் கீழ் ஸ்தாயியில் ஒரு வரி வாசிக்க, இவர் சொல்லே இல்லாத அசைகளால் பதில் பாடுகிறார். இதற்கு ஸ்கேட் என்று பெயர். இவர் கண்டுபிடித்ததில்லை, ஆனால் 1926 பதிவு ஒன்றின் மூலம் ஊரெங்கும் பரப்பியவர் இவர்தான். கடைசிச் சுற்றில் ஓர் உச்ச சுரத்தைப் பிடித்து ஏறத்தாழ நான்கு பார்கள் (பார் ஒன்றுக்கு நான்கு தட்டு), அந்த வேகத்தில் பத்து வினாடி போல, விடாமல் நிற்கிறார். அந்தச் சுரத்துக்கு உதடுகள் வினாடிக்குச் சுமார் 930 தடவை அதிர வேண்டும்.

நீட்டும் சுரங்களை அவர் முடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். முதலில் நேராக, நடுக்கமில்லாமல் பிடிப்பார். விடப்போகும் நேரத்தில்தான் வைப்ரேட்டோ, அதாவது அந்தச் சுர நடுக்கம், வந்து சேரும். டிரம்பெட்டிலும் அப்படி, பாட்டிலும் அப்படி.

சரி, அந்தக் கரகரப்பு? சாதாரணமாகப் பாடும்போது குரல்நாண்கள் மட்டும் சீராக அதிரும். அவற்றுக்கு மேலே இன்னும் தடித்த மடிப்புகள் உண்டு. உறுமல் குரல்களை ஆராய்ந்தவர்கள், அந்த மேல் பகுதியும் சேர்ந்து அதிர்வதைக் கண்டிருக்கிறார்கள். அது பெரும்பாலும் குரல்நாண்களைவிட மெதுவாக, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆடும். ஆகவே ஒலியலை ஒன்றுவிட்டு ஒன்று பெரிதும் சிறிதுமாக வருகிறது. காதுக்கு அது சொரசொரப்பு. 1930களில் அவர் தொண்டையில் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். சொரசொரப்பு போகவில்லை.

உதடுதான் பாவம். டிரம்பெட்டில் வாய் வைக்கும் மவுத்பீஸை அழுத்தி உச்ச சுரங்களை இரவுக்கு இரவு ஊதியதில் அது வெடித்துத் தழும்பேறியது, மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டியும் வந்தது. வாயைச் சுற்றியுள்ள வட்டத் தசை டிரம்பெட்காரர்களுக்குக் கிழிவதை மருத்துவர்கள் இன்று அவருடைய செல்லப்பெயரால், 'சாட்ச்மோ சிண்ட்ரோம்' என்றே அழைக்கிறார்கள். பாட்டு அந்த உதட்டுக்கு ஓய்வு. 1964இல் பட்டியலில் ஏறிய அந்தப் பாட்டிலும் டிரம்பெட் நடுவில் கொஞ்ச நேரம்தான், மீதியெல்லாம் குரல்.