இந்தியாவுக்கு ஒடியல் மா அனுப்பமுன்: எந்தச் சான்றிதழ், எந்தக் கந்தோர்?

பருத்தித்துறைப் பக்கத்து அக்கா ஒருவர் சென்னைக்கு ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா, அனுப்பினார். கையில் மூலச் சான்றிதழ் இருந்தது, முத்திரையும் இருந்தது. ஆனால் அங்கே சுங்கத்தில் முழுத் தீர்வையும் போட்டார்கள். வாங்கியவர் அந்தக் காசைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினார். அக்கா வாங்கியது வர்த்தகர் சங்கமொன்றின் சாதாரணச் சான்றிதழ். பொருள் இலங்கையில் செய்தது என்று அது சொல்லும், அவ்வளவுதான். தீர்வையைக் குறைக்காது. இதை அவருக்கு முதலே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 இல் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் பொருள்கள் பலவற்றுக்கு இந்தியாவில் தீர்வை இல்லை. சலுகை இல்லாத பட்டியல் ஒன்றும் உண்டு, உங்கள் பொருள் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சலுகைக்கான சான்றிதழைத் தருவது வர்த்தகத் திணைக்களம். 'சேர்ட்டிபிக்கெட் ஒன்று வேணும்' என்று கேட்காதீர்கள், எதையாவது தந்து அனுப்பிவிடுவார்கள். 'இந்திய உடன்படிக்கைச் சலுகைக்கானது' என்று வாயைத் திறந்ததுமே சொல்லுங்கள்.

அடுத்த பொறி மூலப்பொருள். சொந்த மண்ணின் பனங்கிழங்கில் செய்த ஒடியல் என்றால் சிக்கல் குறைவு. மிளகாய்த்தூளில்தான் சறுக்கும். இறக்குமதிச் சரக்குச் சேர்ந்தால், கப்பலில் ஏற்றும் வரையான விலையில் குறைந்தது 35 சதவீதம் இங்கே சேர்ந்த பெறுமதியாக இருக்கவேண்டும். இந்தியச் சரக்கு என்றால் இங்கே 25, இரு நாடும் சேர்த்து 35. அதோடு, வேறு நாட்டுச் சரக்கில் செய்தால் சுங்கக் குறியீட்டின் முதல் நான்கு இலக்கமும் மாறவேண்டும். முழுச் செத்தல் மிளகாயின் குறியீடு 0904, அரைத்த தூளும் 0904. வேறு நாட்டுச் செத்தலை எத்தனை நாள் உரலில் இடித்தாலும் அந்த இலக்கம் மாறாது. 'யாழ்ப்பாணத் தூள்' என்று பையில் அச்சடித்தாலும்தான்.

சரி, கணக்கை எப்படிக் காட்டுவது? பக்கத்து வளவில் வாங்கிய கிழங்குக்கு யாரும் ரசீது தருவதில்லை. ஒரு துண்டில் திகதி, நிறை, விலை எழுதிக் கையெழுத்து வாங்கிவையுங்கள். 2020 செப்டெம்பரிலிருந்து, பொருள் எங்கே எப்படி உருவானது என்ற விவரத்தை இந்திய இறக்குமதியாளரும் கையில் வைத்திருக்கவேண்டும். அதனால் உங்கள் செலவுக் கணக்கை அவர் கேட்பார். தொழில் இரகசியம் என்று மறைத்தால் சலுகை கேட்க அவர் துணியமாட்டார்.

இன்வொய்ஸிலும் சான்றிதழிலும் பெயர், நிறை, குறியீடு ஓர் எழுத்தும் பிசகக்கூடாது. பிசகினால் திருத்த ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கொழும்புக்கு ஓடவேண்டியிருக்கும். சுங்கப் பத்திர வேலை பார்க்கும் வார்ஃப் கிளார்க் நிரப்பினாலும் நீங்களே ஒருதரம் வாசியுங்கள்.

பொருள் கப்பலேறமுன் சான்றிதழை எடுங்கள், வாங்குபவரிடம் சலுகை கேட்கச் சொல்லுங்கள். தாவர நோய்ச் சான்றிதழுக்கும் இந்திய உணவுப் பரிசோதனைக்கும் இது உதவாது. அவற்றுக்கு வேறு வரிசை.