புது மூட்டோடு வீட்டில் முதல் ஆறு வாரம்

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள். அம்மா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். ஆபரேஷன் ஆன காலை மடக்காமல், நேராக, ஒரு சாண் உயரம் தூக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த பயிற்சிகளில் அதுதான் பார்க்க ரொம்பச் சுலபமாக இருந்தது. அம்மாவின் முகம் இறுகியது, ஒரு கை படுக்கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்தது. கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"வலிக்குதாம்மா?" என்றேன்.

"வலி கெடக்கட்டும்டா. தூக்கு தூக்குன்னு சொல்றேன், அது என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது."

ஆபரேஷனில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, அம்மா சொன்னது அப்படியே உடலியல் உண்மை என்று. கட்டளை மூளையிலிருந்து கிளம்புகிறது. தசைக்கு முழுசாகப் போய்ச் சேர்வதில்லை. வழியில் ஒருவர் மறிக்கிறார். அவர் யார், ஏன் மறிக்கிறார் என்று தெரிந்துகொண்டால் இந்த ஆறு வாரத்தில் செய்யச் சொல்லும் காரியங்களில் பாதிக்குக் காரணம் புரிந்துவிடும்.

முதலில் உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். முழங்கால் மாற்று என்றதும் மூட்டையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தேய்ந்த குருத்தெலும்பையும், அதன் அடியில் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் எலும்பையும் சீவி எடுக்கிறார்கள். தொடை எலும்பின் முனைக்குப் பெரும்பாலும் கோபால்ட் குரோமியக் கலவையில் வளைந்த ஒரு கவசம். கீழ்க்கால் எலும்பின் தலையில் டைட்டானியத் தட்டு. இரண்டுக்கும் நடுவே பாலிஎதிலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக். ஒட்டுவதற்கு எலும்பு சிமென்ட். இந்தச் சிமென்டை இடுப்பு மூட்டில் பயன்படுத்தி நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. அவரிடம் பயிற்சி பெற்ற கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் 1968-இல் அதே முறையை முழங்காலுக்குக் கொண்டுவந்தார். இன்று வைக்கும் மூட்டுகள் பலவற்றுக்கும் முன்னோடி, 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் பொருத்தத் தொடங்கிய வடிவம்.

சிமென்ட் கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். அதனால்தான் அன்றைக்கோ மறுநாளோ வாக்கரைக் கொடுத்து நிற்கச் சொல்கிறார்கள். உலோகத்தைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. ஆற வேண்டியவை அதைச் சுற்றியுள்ள மூட்டுறை, தசை, தோல், நரம்பு எல்லாம். "இன்னும் ஒட்டியிருக்காது, காலை ஊன்றாதே" என்று வீட்டுக்கு வந்து பார்ப்பவர்கள் அக்கறையாகச் சொல்வார்கள். ஊன்றச் சொல்லி டாக்டர் அனுமதித்திருந்தால் ஊன்றலாம்.

சரி, கால் ஏன் பேச்சைக் கேட்கவில்லை?

மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அந்தப் பையின் சுவரில் இழுவிசையையும் அழுத்தத்தையும் உணரும் நரம்பு முனைகள் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு பைக்குள் ரத்தமும் நீரும் கோத்து அது உப்பும்போது, இந்த முனைகள் தண்டுவடத்துக்கு ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. 'மூட்டுக்கு ஆபத்து, அசைக்காதே' என்பதுதான் சாராம்சம். உடனே தண்டுவடம், தொடையின் முன்பக்கத் தசையை இயக்கும் நரம்பணுக்களை அடக்கிவிடுகிறது. மூளை எவ்வளவு கத்தினாலும் தசை பாதிக் காதில்தான் கேட்கும்.

இதற்குக் காயமோ வலியோகூடத் தேவையில்லை. ஆரோக்கியமான முழங்காலுக்குள் உப்பு நீரை ஊசியால் ஏற்றிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 20, 30 மில்லி போனதுமே, அதாவது நாலு முதல் ஆறு டீஸ்பூன் அளவிலேயே, முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே தொடையின் உள்பக்கம் துளி வடிவில் புடைத்துத் தெரியும் தசை அடங்கத் தொடங்கியது. வெறும் உப்பு நீருக்கே இந்தக் கதி என்றால் ஆபரேஷன் ஆன முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம் கழித்து அளந்தால், முன்தொடைத் தசையின் வலு, முன்பு இருந்ததில் பாதி அல்லது அதற்கும் கீழே இருப்பது வழக்கம். தசை மெலிந்ததும் ஒரு காரணம்தான். கட்டளை சரியாக வந்து சேராதது அதைவிடப் பெரிய காரணம்.

இது தெரியாததால் எத்தனையோ பேர் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். "நான் சோம்பேறி, மனசுல தெம்பு இல்ல" என்று அம்மாவும் சொன்னார். தெம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

படுத்தபடி முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டு விடச் சொல்வார்கள். வெளியே ஒன்றுமே அசையாது. அதனால் இது என்ன பயிற்சி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் இரண்டு வாரத்தில் இதைவிட முக்கியமான வேலை கிடையாது. அடைபட்ட பாதையில் திரும்பத் திரும்பக் கட்டளை அனுப்பிப் பழக்குவதுதான் இது. தொடை மேல் கை வைத்துக்கொண்டு செய்தால் தசை இறுகுவது விரலுக்குத் தெரியும். அந்தச் சின்ன அடையாளமே மூளைக்கு உதவும். சில இடங்களில் லேசான மின் அதிர்வு கொடுத்துத் தசையை எழுப்புவதும் இதற்காகத்தான். முன்பெல்லாம் காலைத் தானே மடக்கி நீட்டும் ஒரு இயந்திரத்தில் நோயாளியை மணிக்கணக்கில் வைப்பார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதனால் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை, பல இடங்களில் கைவிட்டார்கள். இயந்திரம் மூட்டை அசைக்கும், கட்டளையை அது அனுப்பித் தராது.

ஆக, மறிப்பது வீக்கம். அதைக் குறைத்தால் தசை விழித்துக்கொள்ளும். தசை விழித்தால் நடை திருந்தும். முதல் வாரத்தில் வீக்கம் ஏறும், பிறகு மெதுவாக வடியும், முழுதும் வடிய மூன்று முதல் ஆறு மாதம்கூட ஆகலாம். காலை உயர்த்தி வைக்கச் சொல்வது நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதிரே முக்காலியில் காலை நீட்டுவது அந்தக் கணக்கில் சேராது. நீர் இறங்கி வர மேடு பள்ளம் வேண்டும். ஐஸ் பேக்கை நடுவில் துணி வைத்து 15, 20 நிமிடம் வைக்கலாம். மரத்துப்போன தோலில் நேரடியாக வைத்தால் தோல் புண்ணாவதுகூடத் தெரியாது.

நாங்கள் ஒரு தையல் டேப்பை எடுத்துச் சில்லின் நடுவில் சுற்றி, காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் எழுதினோம். பத்தாவது நாள் அம்மாவுக்கு உற்சாகம். வீடு முழுக்க நடந்தார், அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றார். அன்று மாலை அளவில் பெரிய மாற்றம் இல்லை. மறுநாள் காலையில் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தது, முந்தின நாள் வீடு முழுக்க நடந்த கால் அன்று எட்டு வைக்கவே மறுத்தது. வீக்கம் ஒரு நாள் தாமதமாகத்தான் கணக்குச் சொல்லும். அதனால் இன்று செய்தது சரியா என்பதை நாளைக் காலை முட்டியைப் பார்த்து முடிவு செய்வதுதான் நல்லது. கூடியிருந்தால் நடையைக் குறைக்க வேண்டும், அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

கணுக்கால் வரை கன்றிப்போய் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகத் தெரிவதைப் பார்த்துப் பதற வேண்டாம். உள்ளே கசிந்த ரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்குகிறது. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் சிதையும்போது முதலில் பச்சை நிறப் பொருளாகவும் அப்புறம் மஞ்சளாகவும் மாறும். நிறம் மாறுகிறதென்றால் உடம்பு துப்புரவு செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது தலையணை விஷயம். இதில் எனக்கு இன்னும் மனம் உறுத்துகிறது. மூன்றாவது ராத்திரி அம்மா தூக்கமில்லாமல் முனகினார். முட்டிக்கு அடியில் ஒரு தலையணையை மடித்து வைத்தேன். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். பெரிய உதவி செய்த நிம்மதி எனக்கு. மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்ததும் முதல் வேலையாக அந்தத் தலையணையை உருவி எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்தார்.

அம்மாவுக்கு ஏன் அது சுகமாக இருந்தது? முழங்காலைச் சுமார் 30 டிகிரி மடக்கும்போதுதான் மூட்டுப் பைக்குள் இடம் அதிகம், அழுத்தம் குறைவு. வீங்கிய முட்டி தானாகவே அந்தக் கோணத்தைத் தேடும். ஆனால் அதே வாரங்களில் உள்ளே தழும்புத் திசு உருவாகிறது. நாலைந்து நாளில் தொடங்கி மூன்று வாரம் வரை உடம்பு கொலாஜன் இழைகளை அவசரமாகக் கொட்டி இடைவெளியை அடைக்கிறது. முதலில் அவை தாறுமாறாகக் கிடக்கும். எந்தத் திசையில் இழுபடுகின்றனவோ அந்தத் திசையில் பிறகு அடுக்கிக்கொள்ளும். எந்த இழுப்பும் இல்லாமல் மடங்கியே கிடந்தால், மடங்கிய நீளத்துக்குத்தான் மூட்டுப் பையின் பின்சுவர் இறுகும். அப்புறம் கால் நேராகாது. நேராகாத காலோடு நிற்பவருக்கு முன்தொடைத் தசை ஓய்வே இல்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சீக்கிரம் களைக்கும், நொண்டும்.

எல்லோரும் கேட்பது "எவ்வளவு மடங்குது?" என்றுதான். முழுசாக நீள்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. என் கருத்தில் முதல் கேள்வி அதுதான். மடக்குவதற்கான தேவை வேலைக்கு வேலை மாறும். சமதரையில் நடக்க 65, 70 டிகிரி போதும். படி ஏற 80-க்குச் சற்று மேல். நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து எழ 90-ஐத் தாண்ட வேண்டும். ஆறு வாரத்துக்குள் 90 வந்துவிடுவது பெரும்பாலோருக்கு நடக்கிற காரியம். வாரக்கணக்கில் முன்னேற்றமே இல்லையென்றால் டாக்டரிடம் தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடுவார்கள். அதையும் தழும்பு முற்றி இறுகுவதற்குள், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள், செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும்.

வலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆபரேஷன் அன்று பலர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நரம்பை மரக்கச் செய்த ஊசியின் தயவு அது. ஒரு நாளில் அதன் வேகம் இறங்கும்போது இரண்டாம், மூன்றாம் நாள் வலி திடீரென்று தூக்கும். எதுவும் கெட்டுப்போகவில்லை. மாத்திரையை வலி உச்சிக்குப் போனபின் தேடாமல் சொன்ன நேரத்துக்குப் போடுவதும், பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் வருமாறு அமைத்துக்கொள்வதும் உதவும். வீரியமான வலி மாத்திரைகளில் சில குடலையும் மந்தமாக்கும், மலச்சிக்கல் வரும். முட்டி வலியைவிட அது படுத்தும், முதல் நாளிலிருந்தே கவனிக்க வேண்டும். தூக்கம் கெட்டு, மூன்றாவது வாரத்தில் "ஏன்தான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேனோ" என்று கண் கலங்குவது மிகச் சாதாரணம். பக்கத்தில் இருப்பவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆடுசதை ஒரு பம்பு. அது சுருங்கும்போதெல்லாம் காலின் ரத்தக் குழாய்களிலுள்ள ரத்தத்தை மேலே தள்ளும். படுத்தே கிடந்தால் ரத்தம் தேங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையும் தன்மையும் கூடியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கட்டி உருவாகலாம். பாதத்தை மேலும் கீழும் மணிக்கொரு தடவை ஆட்டச் சொல்வதும், ரத்தம் உறையாமலிருக்க வாரக்கணக்கில் மருந்து தருவதும் இதற்குத்தான். ஆடுசதை ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே காட்ட வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முட்டி மாதக்கணக்கில் கதகதப்பாகத்தான் இருக்கும், அது ஆறும் சூடு. ஆனால் தையலிலிருந்து நீரோ சீழோ கசிவது, சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, காய்ச்சல், குறைந்துவந்த வலி மறுபடி ஏறுவது எல்லாம் வேறு கணக்கு. கிருமி உலோகத்தின் மேல் மெல்லிய படலம் கட்டிக்கொண்டால் மருந்து அதைத் துளைப்பது கடினம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுப் பார்க்கக் கூடாது, எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதே அதனால் சிக்கலாகும். ஆபரேஷன் செய்தவரிடமே போக வேண்டும்.

மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால். ஏறும்போது மேல் படியில் வைத்த கால்தான் முழு உடம்பையும் தூக்குகிறது. இறங்கும்போது மேல் படியில் நிற்கும் கால்தான் மெல்ல மடங்கி உடம்பைக் கீழே இறக்குகிறது. இரண்டிலும் கனமான வேலை மேல் படியில் உள்ள காலுக்கு, அதை நல்ல காலிடம் கொடுக்கிறோம். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறும்போது தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். ஆபரேஷன் காலும் தடியும் ஒன்றாக ஊன்றும்போதுதான் பாரம் இரண்டுக்கும் பங்காகும்.

அம்மாவின் கால் பதினாறாம் நாள் எழுந்தது. குதிகால் மட்டும் முதலில் தயங்கி, முட்டி லேசாக மடங்கி, நாலு விரற்கடை. அடுத்த வாரம் நேராகவே எழுந்தது. இப்போது மிச்சமிருப்பது தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உணர்வில்லாத ஒரு இடம். அங்கே தோலுக்குப் போகும் சின்ன நரம்புக் கிளை வெட்டுக் கோட்டின் குறுக்கே ஓடுவதால் அதை வெட்டாமல் உள்ளே போவது கடினம். போகப்போகச் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கும். நடக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தமும் கேட்கிறது. உலோகம் பிளாஸ்டிக்கைத் தட்டும் சத்தம் அது.