மீன்ர தலைக்குள்ள ஒரு கல்லு

போன ஞாயிறு யாழ்ப்பாணத்துப் பாசையூர் சந்தையில ஒரு கத்தாளை மீன் வாங்கினனான். வெட்டுற அண்ணையிட்ட "தலையைக் கொத்தாமத் தாங்கோ, உள்ளுக்க இருக்கிற கல்லு வேணும்" எண்டு சொல்ல, கத்தியை நிப்பாட்டிப்போட்டு என்னை ஒரு பார்வை பாத்தார். "ஏன் தம்பி, கல்லுக்குழம்பே வைக்கப் போறீர்?"

கத்தாளைத் தலை சாப்பிடேக்க பல்லில நறுக்கெண்டு கடிபடுமே வெள்ளையா ஒண்டு, அதுதான் சாமான். செவிக்கல் எண்டு சொல்லுறது. அதில விழுற வளையத்தை எண்ணித்தான் மீன்ர வயசைப் பாக்கிறது. மீனுக்கு வெளியில காது இல்லை, ஆனா தலைக்குள்ள உள்காது இருக்கு. அதுக்குள்ள மூண்டு சோடி கல்லு. சத்தம் கேக்கவும் சரியாம நேரா நீந்தவும் அதுதான் உதவி. கத்தாளைக்கு அதில ஒரு சோடி சரியான பெரிசு. கெளுத்திக்கும் பெரிசுதான், ஆனா அது வேற சோடி.

கல்லு எண்டாலும் சும்மா கல்சியம் காபனேற்றுத்தான், சங்கு சிப்பி மாதிரி. மீன் குஞ்சா இருக்கேக்கயே தொடங்கி ஒண்டுக்கு மேல ஒண்டா படை படையாப் படிஞ்சு கொண்டே போகும். இதில முக்கியமான விசயம், ஒருக்காப் படிஞ்சது பேந்து கரையிறேல்லை. செதிலிலயும் வளையம் இருக்கு, அதையும் எண்ணலாம், ஆனா செதில் கழண்டு விழுந்து புதுசு முளைச்சா நடுவில இருந்த பழைய கணக்கு போச்சு. கல்லு அப்பிடி இல்லை, மீன் பட்டினி கிடந்தாலும் எழுதினது எழுதினதுதான்.

குளிர் நாட்டுக்காரருக்கு இது லேசு. மாரியில வளர்ச்சி குறைய ஒரு வளையம், கோடையில கூட இன்னொண்டு, சோடியா எண்ணினா வயசு. 1899லயே ஜெர்மனியில றைபிஷ் எண்டவர் ஒரு தட்டை மீன்ர கல்லில இப்பிடி எண்ணிப் பாத்திருக்கிறார். எங்கட கடலுக்கு எங்க மாரிக்குளிர்? வருசம் முழுக்கச் சூட்டுத் தண்ணி. மழைக்காலம், முட்டை போடுற காலம் எண்டு கோடு விழலாம்தான், அதை வருசக் கணக்கெண்டு கண்ணை மூடிக்கொண்டு நம்பேலாது. 1971ல பன்னெல்லா எண்டவர் கண்டுபிடிச்சுச் சொன்னது, நாளுக்கொரு மெல்லிய கோடும் விழுது எண்டு. சின்ன மீனுக்கு அது பெரிய உதவி, நாள் கணக்கிலயே வயசு சொல்லலாம்.

ஆய்வுகூடத்தில கல்லை றெசினுக்குள்ள பதிச்சு, வைரம் பூசின பிளேட்டால மெல்லிசா சீவி, நுணுக்குக்காட்டியில வைச்சு எண்ணுவினம். நான் வீட்டில மண்தாளில தேய்ச்சுப் பாத்தனான், முதல் கல்லு தேய்ச்சுத் தேய்ச்சு நடுவே காணாமப் போச்சு. மற்றதை லென்ஸில பாத்து எண்ணினா ஒருக்கா நாலு, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து எண்ண ஆறு. இதுக்குத்தான் ரெண்டு பேர் தனித்தனியா, மீன்ர நீளம் என்னெண்டு தெரியாம எண்ணவேணும் எண்டு வைச்சிருக்கிறாங்கள் போல.

வயசைப் பிழையா எண்ணினா என்ன குடியா முழுகிப்போகும் எண்டு கேக்கலாம். நியூசிலாந்துப் பக்கம் ஆழ்கடலில ஒறேஞ் ரஃபி எண்டொரு மீன், கெதியா வளருற சாதி எண்டு நினைச்சு அள்ளிப்போட்டாங்கள். பேந்து கல்லை வடிவாப் பாத்தா நூறு வயசு தாண்டினதும் அதுக்குள்ள இருக்கு. பிடிச்சு முடிச்ச இடத்தில திரும்ப மீன் வர எத்தினை தலைமுறை வேணும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

கல்லு பாக்கக் காசும் நேரமும் இல்லாத இடத்தில நீளத்தை அளக்கிறதுதான் வழி. குருநகர்ல வள்ளம் கரைக்கு வர ஒரே சாதி மீனில இருநூறு முந்நூறை அளந்து, எந்த நீளத்தில எத்தினை மீன் எண்டு வரைபு போட்டா ஒட்டகம் மாதிரித் திமில் திமிலா வரும், ஒவ்வொரு திமிலும் ஒரே காலத்தில பிறந்த ஒரு ஈத்துக் குஞ்சுகள். அடுத்த மாசமும் அளந்தா திமில் கொஞ்சம் வலப்பக்கம் நகந்திருக்கும். நகந்த தூரம்தான் அந்த மாச வளர்ச்சி. 1890களில டென்மார்க்கின்ர பீட்டர்சன் தொடக்கி வைச்சது, 1980களில டானியல் பௌலி (Pauly) எண்ட மீன்வள ஆய்வாளர் ஆக்கள் இதைக் கணினிக்கு ஏத்தினவை, எங்கள மாதிரிச் சூட்டுக்கடல் நாடுகளுக்கு எண்டே. கரைச்சல் என்னெண்டா, வயசு போகப் போக மீன் வளருறது மந்தமாகும், கடைசித் திமிலுகள் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்கும், அப்ப ஏழு வயசும் பத்து வயசும் ஒரே நீளம்.

ஆணோ பெண்ணோ எண்டது இன்னும் பகிடி. கனக்க மீனுக்கு வயித்தை வெட்டி சினையோ விந்துப்பையோ எண்டு பாத்தாத்தான் தெரியும். கொடுவா பெரும்பாலும் ஆணாத் தொடங்கி வளந்தாப்பிறகு பெண்ணா மாறும். கலவாய் கனக்கச் சாதி நேர் எதிர், பெண்ணாத் தொடங்கி பெரிசானாப்பிறகு ஆண். அப்ப பெரிய கலவாயாப் பாத்துப் பாத்துப் பிடிச்சா கடலில ஆணுக்குத் தட்டுப்பாடு வரும், பெரிய கொடுவாயா அள்ளினா முட்டை போட ஆளில்லை.

நண்டு பரவாயில்லை. எங்கட களப்பு நீல நண்டைத் திருப்பிப் போடுங்கோ, வயித்து மூடி ஒடுக்கமா, கவிட்டு வைச்ச இங்கிலிஸ் T மாதிரி இருந்தா ஆண், அகலமா வட்டமா இருந்தா வளந்த பெண், முக்கோணமா இருந்தா இன்னும் வயசுக்கு வராத பெண். ஆனா வயசு கேட்டா நண்டிட்ட பதில் இல்லை. செவிக்கல்லும் இல்லை, வளர வளர ஓட்டைக் கழட்டி எறிஞ்சிட்டுப் போயிடும். அதுக்கும் பழையபடி அளவுகோலை எடுத்துக்கொண்டு குருநகருக்குத்தான் போகவேணும்.