கன்டெய்னரைத் துறைமுகத்திலிருந்தே எடுத்துவரலாம்: டி.பி.டி. யாருக்கு, எப்படி?

கப்பலிலிருந்து ஒரு கன்டெய்னரை இறக்க கிரேனுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். அதே பெட்டி அம்பத்தூர் கம்பெனி வாசலுக்கு வர ஒரு வாரம் ஆகிறதென்றால், பெரும்பாலும் தாமதம் காகிதத்திலும் இடைவழியிலும்தான்.

வழக்கமான பாதை இது. பெட்டி டெர்மினல் யார்டில் இறங்கும். அங்கிருந்து டிரெய்லரில் மணலி, மாதவரம் பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு சி.எஃப்.எஸ்.ஸுக்குப் போகும். சி.எஃப்.எஸ். என்பது கஸ்டம்ஸ் அனுமதி பெற்ற தனியார் கிடங்கு. அங்கே இறக்கி வைத்து, சுங்க வேலை முடிந்தபின் மறுபடி தூக்கி, உங்கள் வண்டியில் ஏற்றுவார்கள். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் தங்கிய நாளுக்கும் தனித்தனியாக பில் வரும்.

இந்த நடு நிறுத்தத்தைத் தூக்கிவிடுவதுதான் டி.பி.டி., அதாவது துறைமுகத்திலிருந்தே நேரடி டெலிவரி. மும்பை நவ சேவாவில் வேர்பிடித்து, சென்னை உள்ளிட்ட மற்ற துறைமுகங்களுக்கும் வந்தது. உலக வங்கியின் 2023 அறிக்கைப்படி, இந்தியத் துறைமுகங்களில் கன்டெய்னர் தங்கும் சராசரி நேரம் 2.6 நாள். அந்தச் சராசரியில் உங்கள் பெட்டியும் சேருமா என்பது, கப்பல் வருவதற்கு முன்பே நீங்கள் எவ்வளவு வேலையை முடித்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

யாருக்குக் கிடைக்கும்?

உறுதியான வழி, சுங்கத்துறையின் ஏ.இ.ஓ. சான்று. நம்பகமான வணிகர் என்று கஸ்டம்ஸே கொடுக்கும் அங்கீகாரம் அது. இறக்குமதி, ஏற்றுமதி செய்பவர்களுக்கு டி1, டி2, டி3 என்று மூன்று படிகள். சிறு, குறு நிறுவனங்களுக்கு 2020-இல் நிபந்தனையைத் தளர்த்தினார்கள். பொதுவாக ஆண்டுக்கு 25 பில் வேண்டும், அதாவது கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் பத்திரங்கள்: இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில். உத்யம் சான்று (சிறு, குறு நிறுவனப் பதிவு) உள்ளவர்களுக்கு 10 போதும், ஒவ்வொரு அரையாண்டிலும் குறைந்தது 5 இருக்க வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பம் ஆன்லைனில்.

ஏ.இ.ஓ. இல்லாதவர்களும் முழுக்க வெளியே நிற்க வேண்டியதில்லை. பில் ஆஃப் என்ட்ரியை முன்கூட்டியே போட்டு, கஸ்டம்ஸின் ரிஸ்க் சிஸ்டம் அதைப் பரிசோதனை இல்லாமல் விட்டுவிட்டால், அந்தப் பெட்டிக்கு மட்டும் டி.பி.டி. கேட்கும் ஏற்பாடு 2019-இல் வந்தது. மாறாக, சிஸ்டம் உங்கள் பெட்டியைப் பரிசோதனைக்கு எடுத்தால், அநேகமாக அது சி.எஃப்.எஸ்.ஸுக்குத்தான் போகும்.

பலருடைய சரக்கு ஒரே பெட்டியில் சேர்ந்து வரும் எல்.சி.எல். லோடு என்றால் இந்தத் திட்டம் பொருந்தாது. பெட்டியைத் திறந்து பிரிக்க ஓரிடம் வேண்டுமே!

தேதிதான் எல்லாம்

2021 முதல் விதி இது: கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். விடுமுறை நாளும் கணக்கில் சேரும். தவறினால் முதல் 3 நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000. ஐந்து நாள் தாமதம் என்றால் 35,000 ரூபாய் போச்சு. தக்க காரணம் இருந்தால் அதிகாரி தள்ளுபடி செய்யலாம். ‘சப்ளையர் இன்வாய்ஸ் அனுப்பவில்லை’ என்பதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இலங்கை, வங்கதேசம், மியான்மர், மாலத்தீவு போன்ற பக்கத்து நாடுகளிலிருந்து அனுப்பப்படும் சரக்குக்கு மட்டும் கப்பல் வரும் அன்றைய நாள் முடிய நேரம் உண்டு. பக்கத்துக் கடல், கப்பல் சீக்கிரம் வந்துவிடும் என்பதால். சீனாவில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாறி வரும் பெட்டிக்கும் இது செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கப்பலை எதிர்பார்க்கும் தேதிக்கு 30 நாள் முன்பிருந்தே பில் ஆஃப் என்ட்ரி போடலாம். இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். கொழும்பில் நம் பெட்டி ஏற வேண்டிய ஃபீடர் கப்பல் (பெரிய கப்பலுக்கும் பக்கத்துத் துறைமுகங்களுக்கும் நடுவே ஓடும் சிறு கப்பல்) நிரம்பிவிட்டால் வேறு கப்பலில் ஏற்றுவார்கள். பில்லில் பழைய கப்பல் பெயரே இருக்கும். ஒரு பார்ட்டிக்கு இதே கதை. டிரெய்லர் கேட் அருகே நிற்கிறது, டிரைவர் போன் மேல் போன் போடுகிறார், புரோக்கர் அலுவலகத்தில் கப்பல் பெயரை மாற்ற ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அரை நாள் போனது. கப்பல் கொழும்பை விட்டுக் கிளம்பியதுமே பெயரையும் வாயேஜ் (பயண) எண்ணையும் லைனிடம், அதாவது கப்பல் கம்பெனியிடம் கேட்டு ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

டி.பி.டி. பெட்டியை யார்டில் நினைத்த நேரம் வரை விட்டுவைக்கவும் முடியாது. நவ சேவாவில் 48 மணி நேரம். அதற்குள் எடுக்காவிட்டால் சி.எஃப்.எஸ்.ஸுக்குத் தள்ளிவிடுவார்கள், பழைய கதைதான். உங்கள் டெர்மினலில் கெடு எவ்வளவு, அது எந்த நிமிடத்திலிருந்து ஓடும் என்று புரோக்கரிடம் முதலிலேயே கேளுங்கள். டூட்டி கட்டும் பணமும், டிரெய்லரும், கம்பெனியில் இறக்க ஆட்களும் அந்தக் கெடுவுக்குள் தயாராக இருக்க வேண்டும். வெள்ளி மாலை கப்பல் வந்து, சனி ஞாயிறு கம்பெனி பூட்டிக்கிடந்தால் டி.பி.டி. வாங்கியும் பயனில்லை.

ஏற்றுமதிக்கும் உண்டு

இதன் மறுபக்கம் டி.பி.இ., நேரடித் துறைமுக நுழைவு. கம்பெனியிலேயே சரக்கை ஏற்றி, நீங்களே மின்னணு சீல் போட்டு, சி.எஃப்.எஸ். போகாமல் நேரே டெர்மினலுக்கு அனுப்பலாம். திருப்பூர், கரூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் பெட்டிகளில் பல கொழும்பு வரை ஃபீடரில் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுபவை. கடலில் ஒரு ராத்திரிப் பயணம்தான். ஆனால் கேட்டில் ஆறு மணி நேரம் தாமதமாகி ஃபீடரை விட்டால், கொழும்பில் பெரிய கப்பலையும் விட்டதாகிவிடும். அடுத்தது பெரும்பாலும் அடுத்த வாரம். சீசன் துணியென்றால் வாங்குபவர் தள்ளுபடி கேட்பார், அல்லது விமானத்தில் அனுப்பச் சொல்வார்.

சீல் எண்ணை ஷிப்பிங் பில்லில் பதியும்போது இருவர் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் கேட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள்.

கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்தால் வாடகை யார் தலையில்?

பலருக்குத் தெரியாத உரிமை இது. கஸ்டம்ஸ் தடுத்து வைத்த சரக்குக்கு, அதை வைத்திருக்கும் கிடங்குக்காரர் வாடகையோ டெமரேஜோ (கெடு தாண்டிக் கிடந்ததற்கான கட்டணம்) வாங்கக் கூடாது என்கின்றன 2009-ஆம் ஆண்டு விதிகள். 2018-ஆம் ஆண்டு விதிகள் கப்பல் லைனையும் கட்டுப்படுத்துகின்றன: சோதனைக்காக நிறுத்திய சரக்கு சரியாக இருந்தால், 60 நாள் வரை கன்டெய்னர் டிடென்ஷன், அதாவது பெட்டியைத் திருப்பித் தராத நாட்களுக்கான கட்டணம், கேட்கக் கூடாது.

ஆனால் யாரும் தானாக முன்வந்து விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டது என்று கஸ்டம்ஸிடம் சான்று கேட்டு எழுத வேண்டும், அதை வைத்து பில்லைக் குறைக்கக் கேட்க வேண்டும். இதற்காகக் கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. பணத்தைக் கட்டிப் பெட்டியை எடுத்த பிறகு கேட்பதைவிட, எடுப்பதற்கு முன்பே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைப்பது நல்லது.

அப்புறம் காலிப் பெட்டி. அதைத் திருப்பி விடும் வரை லைனின் டிடென்ஷன் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எந்த யார்டில் விட வேண்டும் என்பதை டெலிவரி ஆர்டர் (பெட்டியை எடுக்க லைன் தரும் அனுமதிச் சீட்டு) வாங்கும்போதே பார்த்து, டிரைவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.