ஜன்னல் அதிர்ந்ததா, விளக்கு ஆடியதா?

நிலம் ஆடியது என்று யாராவது போன் பண்ணினால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்ததா, இல்லை சாமி அறையில் தொங்குகிற விளக்கு மெதுவாக ஆடியதா? அப்புறம், எவ்வளவு நேரம்? இந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு ஆபத்துகள் இருக்கின்றன: ஒன்று பக்கத்திலேயே வருகிற சின்ன அதிர்வு, மற்றது தூரத்துப் பெரிய நிலநடுக்கம் கொண்டுவருகிற சுனாமி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கட்டடப் பொறியியல் படித்து, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் வீடுகளின் சுவரையும் அத்திவாரத்தையும் பின்னால் இருக்கிற மண்மேட்டையும் பார்த்துச் சொல்கிற வேலையில் பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

2020 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை இரவு எட்டரை மணியளவில் கண்டி மாவட்டத்தில் திகன, ஹாரகம பக்கம் ஒரு அதிர்வு வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அதே சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில தடவைகள் வந்தது. அடுத்த வாரம் நான் போனபோது ஒரு அம்மா சொன்னார், “சேர், பெரிய லொறி ஒன்னு சுவத்துல மோதுன மாதிரி டமார்னு ஒரு சத்தம், பாத்திரமெல்லாம் உருண்டுச்சு, எந்திரிச்சு வெளிய வர்றதுக்குள்ள எல்லாம் நின்னுருச்சு.” சத்தம், ஓரிரு விநாடி, முடிந்தது. பக்கத்திலேயே நிலத்துக்கடியில் பாறை கொஞ்சம் நகர்ந்தால் இப்படித்தான் இருக்கும். இந்த அதிர்வுகளெல்லாம் மிகச் சிறியவை. அளவில் ஒரு எண் கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். அப்படிப் பார்த்தால் 2004 சுமாத்திரா நிலநடுக்கம் 9.1, அது 3 அளவுள்ள ஒரு அதிர்வைவிட நூறு கோடி மடங்குக்கும் மேல்.

ஆனால் அந்த மக்கள் பயந்தது அதிர்வுக்கு இல்லை, பக்கத்தில் இருக்கிற விக்டோரியா அணைக்கு. அணை வெடித்துவிட்டது என்று யாரோ பேசி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டுவிட்டு ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வேனுக்குள் படுத்திருந்தது. 1985இல் திறந்த அந்த அணை 122 மீட்டர் உயரமுள்ள வளைவான கொங்கிறீட் அணை. இந்த மாதிரிப் பெரிய அணைகளைத் திட்டமிடும்போதே நில அதிர்வையும் கணக்கில் எடுத்துத்தான் கட்டுவார்கள், கட்டிய பிறகும் கருவி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் பல்லேகலையில் உலக நிலநடுக்கக் கண்காணிப்பு வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் ஒன்றும் இருக்கிறது. யாரென்றே தெரியாதவர் பேசிய பதிவை நம்பிக் குழந்தையைப் பனியில் படுக்கவைக்காதீர்கள். 117க்கு எடுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

அந்த வாரம் நான் பார்த்த வெடிப்புகளில் முக்கால்வாசி பழையவை. அதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. டோர்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்புக்குள்ளே பெயின்ட் இறங்கியிருந்தால், சிலந்தி வலையும் தூசியும் இருந்தால், அது உங்கள் கண்ணில் படாமல் வருடக்கணக்காக அங்கேயே இருந்திருக்கிறது. புதிய வெடிப்பின் ஓரம் கூராக, உள்ளே சிமெந்தின் நிறம் வெளுப்பாக இருக்கும். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் கோட்டைத் தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் பூச்சு வேலையோடு முடிந்துவிடும்.

ஒரு வீட்டில் மட்டும் வயிறு கலங்கியது. சுவரில் இறங்கிய வெடிப்பு தரையில் தொடர்ந்து, குசினி வாசலைத் தாண்டி முற்றத்து மண்ணிலும் வளைந்து போயிருந்தது. பின்னால் மண்மேட்டை நேர்குத்தாக வெட்டிவிட்டு வீடு கட்டியிருந்தார்கள். கதவு இரண்டு மாதமாக இறுகுகிறது என்றார்கள், மழை ஈரம் என்று நினைத்தார்களாம். அதிர்வுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, மலை தன்பாட்டில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு ஐயாவுக்கு என் மேல் கடும் கோபம், வீட்டைப் பார்க்க வரச்சொன்னால் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாய் என்று. கெஞ்சித்தான் அனுப்பிவைத்தேன். அடுத்த மாரியில் மேடு சரிந்து குசினிக்குள் வந்தது. உள்ளே யாரும் இல்லை.

மலையகத்தில் நம்மைக் கொல்வது மண்சரிவுதான். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளையே, மண் மூடியது, அன்று எந்த நிலநடுக்கமும் இல்லை, மழைதான். இறுகுகிற கதவு, சாய்கிற மரமும் தூணும், இல்லாத இடத்தில் புதிதாக வருகிற ஊற்று, திடீரென்று சேறாக ஓடுகிற அல்லது நின்றுபோகிற பீலித்தண்ணீர், இதெல்லாம் மலை முன்கூட்டிச் சொல்கிற சேதி. மழைக்கும் கணக்கு இருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழித்திருக்க வேண்டும், 100 தாண்டினால் சாமான் கட்டி வைக்க வேண்டும், 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுவது இந்த அளவுகளை வைத்துத்தான்.

லயங்களைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இது எங்கே போனாலும் நான் சண்டை பிடிக்கிற விஷயம். காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்கக் கூரைமேல் கருங்கல் தூக்கி வைக்கிறோமே, சின்ன அதிர்வுக்கே அதுதான் முதலில் உருளும், விழுவது சரியாக இஸ்தோப்பு (முன் திண்ணை) வாசலில், அதாவது பயந்து வெளியே ஓடிவருகிறவர் தலையில். தகரத்தை ஆணியும் கொக்கியும் போட்டு மரத்தோடு இறுக்குங்கள், கல்லை இறக்குங்கள். ஆடும்போது கட்டிலில் இருந்தால் தலையணையால் தலையை மூடிக்கொண்டு அங்கேயே இருங்கள், மேசை இருந்தால் அடியில் போங்கள். கோடியில் இருக்கிற முக்கோணச் சுவருக்குப் பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள், பழைய கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியதில் அதற்குத்தான் பிடிமானம் குறைவு. ஆட்டம் நின்ற பிறகு வெளியே வரலாம்.

சரி, இனி விளக்கு ஆடுகிற கதை.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை பின்னேரம் இரண்டு மணி தாண்டிக் கண்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தேன். சத்தமே இல்லை. கூட வேலை செய்த அக்கா “தலை சுத்துது தம்பி, மத்தியானம் சாப்பிடல” என்றார். எனக்கும் சுற்றியது. பார்த்தால் போத்தல் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது, சங்கிலியில் தொங்கிய டியூப் லைட் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது, நிற்கவேயில்லை. பக்கத்துச் சின்ன அதிர்வு இப்படி ஆடாது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மிகப் பெரிதாக ஏதோ நடந்தால்தான் வேகமான அதிர்வெல்லாம் வழியிலேயே அடங்கிப்போய், மெதுவான நீண்ட அலை மட்டும் நம்மிடம் வந்து சேரும். அன்றைய நிலநடுக்கம் சுமாத்திராக் கடலில், அளவு 8.6. நான் உடனே எடுத்தது வெள்ளவத்தையில் கடையில் நின்ற என் மச்சானுக்கு. புதுவருஷ வியாபாரம், கடை நிறைய ஆள், “இப்ப எப்பிடிண்ணே வர்றது” என்றான். கடற்கரைக்கு முதுகைக் காட்டி நடடா என்று கத்தினேன். எச்சரிக்கையும் வந்துவிட்டது, கரையோர மக்கள் மேட்டுக்குப் போனார்கள். அன்று கடலடி நிலம் மேலெழும்பாமல் பக்கவாட்டில்தான் நகர்ந்தது, அதனால் பெரிய சுனாமி அலை வரவில்லை. அது பிறகு தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது, தெரியும்வரை காத்திருக்கவும் முடியாது.

நான் ஏன் கத்தினேன் என்றால் 2004.

டிசம்பர் 26, ஞாயிறு, உந்துவப் போயா என்கிற பௌர்ணமி, சிவனொளிபாத மலை சீசன் தொடங்குகிற நாள். எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக் கடை வாசலில் காலியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் வந்த வேன்கள் நின்றன. மலை இறங்கி வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ரேடியோதான் முதலில் சொன்னது. வீட்டுக்கு எடுக்கிறார்கள், லைன் போகவில்லை. கொமியூனிகேஷன் கடையில் ரோடு வரைக்கும் வரிசை. மாத்தறைப் பக்கத்து அம்மா ஒருவர் காசைக் கையில் பொத்திக்கொண்டு திரும்பத் திரும்ப அதே இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் என் பெரியப்பாவும் நின்றார். அண்ணன் காலி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் வேலை செய்தான், எங்கள் லயத்துப் பையன் இன்னொருவனும் அவனோடு.

மூன்றாம் நாள் அண்ணன் மட்டும் வந்தான். முதலில் வந்த தண்ணீர் முழங்கால் அளவுதான், பிறகு வடிந்துவிட்டது, கடல் உள்ளே போய்த் தரை தெரிந்தது, ஆட்கள் பார்க்கப் போனார்கள் என்றான். முதலாளி ஏசுவார் என்று இவர்கள் இருவரும் பில் புத்தகத்தை எடுத்து ஷட்டரை இழுக்கத் திரும்பிப் போயிருக்கிறார்கள். இரண்டாவது அலை வந்தபோது அண்ணன் மாடிப்படியில் நின்றான், மற்றவன் ஷட்டரடியில். அதே காலையில் பெரலியவில் நின்ற ரயிலை மிக உயரமான இடம் என்று நம்பி ஏறிய நூற்றுக்கணக்கானவர்களை எடுத்ததும் முதல் அலைக்குப் பின் வந்த பெரிய அலைதான்.

மலையில் பிறந்தவனுக்குக் கடலின் குணத்தை யார் சொல்லித் தந்தார்கள்? பதினெட்டு வயதில் பஸ் ஏறிப் புறக்கோட்டைக்கும் நீர்கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் போகிற நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் யாரும் சொல்வதில்லை. மேட்டில் இருக்கிற நமக்கென்ன என்று நினைத்துக்கொள்கிறோம். சுமாத்திராவில் தொடங்குகிற அலை ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டருக்குக் குறையாமல் வரும், நம் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். உயிரோடு நடந்து தப்ப அது போதுமான நேரம். கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும், ஆனால் உள்வாங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 2004இல் கிழக்குக் கரையில் தண்ணீர் நேராக உயர்ந்துதான் வந்தது. கரையைவிட்டு உள்ளே நடக்க நேரமில்லை என்றால் உறுதியான கொங்கிறீட் கட்டடத்தின் மூன்றாம் மாடி. முதல் அலை வடிந்ததும் திரும்பக் கூடாது, அலைகள் மணிக்கணக்கில் வரும். அதிகாரிகள் சொன்ன பிறகுதான் திரும்ப வேண்டும்.

அண்ணன் இப்போது காலியிலேயே சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறான். ஊரிலிருந்து புதிதாகப் பையன் வேலைக்கு வந்தால், முதல் நாள் காலையில் கடை திறக்க முன் அவனைக் கூட்டிக்கொண்டு மேடேறுகிற ரோட்டில் கடைசி வரை நடந்து காட்டிவிட்டு, பிறகுதான் கல்லாப்பெட்டியைக் காட்டுகிறான்.