கொட்டாவிக்கு ஆக்சிஜன் காரணமில்லை

கொட்டாவி ஏன் வருகிறது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது, கார்பன் டை ஆக்சைடு கூடிவிட்டது, அதைச் சரிக்கட்ட உடம்பு ஒரு பெரிய மூச்சை இழுக்கிறது. பள்ளிக்கூடத்தில் சொன்னதும் இதுதான், டீக்கடையில் சொல்வதும் இதுதான். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஜன்னல் சாத்திய வகுப்பறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையாகக் கொட்டாவி விடுபவர்களைப் பார்த்தால் வேறு விளக்கம் எதற்கு என்றுகூடத் தோன்றும். ஆனால் இந்தப் பதிலை 1987-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். தேறவில்லை.

சோதித்தவர் ராபர்ட் புரொவைன். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். சிரிப்பு, விக்கல், தும்மல் என்று மற்ற ஆய்வாளர்கள் சீண்டாத விஷயங்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தவர். அவர் செய்த சோதனை எளிமையானது. கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து விதவிதமான காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தார். ஒரு முறை சாதாரணக் காற்று, ஒரு முறை 100 சதவீத ஆக்சிஜன், இன்னொரு முறை 3 அல்லது 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்று. நாம் சுவாசிக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம்தான். அப்படியென்றால் 5 சதவீதம் என்பது நூறு மடங்குக்கும் மேல். பள்ளிக்கூடப் பதில் உண்மையானால் மாணவர்கள் கொட்டாவி விட்டே களைத்திருக்க வேண்டும். மூச்சின் வேகம் கூடியது, கொட்டாவி கூடவில்லை. சுத்த ஆக்சிஜன் கொடுத்தபோது குறையவும் இல்லை. மூச்சு இரண்டு மடங்காகும் அளவுக்கு உடற்பயிற்சி செய்யவைத்தும் பார்த்தார். கொட்டாவி தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இதைவிட வலுவான சாட்சி தாயின் வயிற்றுக்குள் இருக்கிறது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாத்யா ரைஸ்லாந்தும் குழுவினரும் 15 சிசுக்களை 24-ஆவது வாரத்திலிருந்து 36-ஆவது வாரம் வரை ஸ்கேன் செய்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிசு சும்மா வாயைத் திறப்பது வேறு, கொட்டாவி விடுவது வேறு என்று நொடிக்கணக்கில் பிரித்துக் காட்டினார்கள். 28-ஆவது வாரத்துக்குப் பிறகு கொட்டாவிகள் குறைந்துகொண்டே வந்தன. கருப்பையில் காற்றே கிடையாது. சிசுவுக்கு வேண்டிய ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. அங்கே கொட்டாவி விட்டு எந்தக் காற்றை இழுப்பது?

கெட்ட காற்றை வெளியேற்றத்தான் கொட்டாவி என்ற எண்ணம் கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து, அதாவது இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பாட்டிமார்கள் கொட்டாவி வந்தால் வாய்க்கு முன்னால் சொடக்குப் போட்டு “சிவ சிவா” என்பார்கள். காற்று, ஆவி, உயிர் என்று மனம் அந்தப் பக்கமே போகிறது. உண்மையில் கொட்டாவி மூச்சைவிடத் தாடையைச் சேர்ந்த சமாச்சாரம்.

வேண்டுமானால் நீங்களே செய்து பார்க்கலாம். (இந்நேரம் ஒன்றிரண்டு விட்டிருப்பீர்கள். கொட்டாவியைப் பற்றிப் படித்தாலே வரும், கட்டுரையின் குற்றமில்லை.) அடுத்த கொட்டாவி கிளம்பும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். ஒரு குறையும் இல்லாமல் வந்து முடியும். அதற்கடுத்தது வரும்போது மூக்கை விட்டுவிட்டுப் பல்லை இறுகக் கடித்துக்கொள்ளுங்கள். மூச்சு தாராளமாகப் போய்வரும், ஆனால் கொட்டாவி நடுவழியில் மாட்டிக்கொண்டது போல ஒரு எரிச்சல் மிஞ்சும். இதுவும் புரொவைன் செய்து பார்த்ததுதான். காற்று கிடைத்தும் தாடை விரியாவிட்டால் உடம்புக்குத் திருப்தி வருவதில்லை.

சராசரியாக ஆறு நொடி நீடிக்கும் அந்த நேரத்துக்குள் நிறைய நடக்கிறது. தாடை இறங்குகிறது, நீளமான மூச்சு உள்ளே போகிறது, முகத்தின் தசைகள் உச்சக்கட்டமாக இழுபடுகின்றன, பிறகு வேகமாகக் காற்று வெளியேறுகிறது. கண்ணீர்ச் சுரப்பிகள் அழுத்தப்படுவதால் கண் கலங்குகிறது. தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் திறக்கிறது. கொடைக்கானல் மலை ஏறும்போது அடைத்த காது ஒரு கொட்டாவியில் ‘பட்’டென்று திறந்துகொள்வது இதனால்தான். அப்புறம், ஒருமுறை கிளம்பிவிட்டால் பாதியில் நிறுத்துவது மிகக் கஷ்டம். கிளப்பிவிடுவது நம் விருப்பமல்ல, மூளையின் அடிப்பகுதி. அங்கே ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஒரு சிறு நரம்புக் கூட்டம் டோபமைன், ஆக்ஸிடோசின் போன்ற ரசாயனங்களால் தூண்டப்பட, மூளைத்தண்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

மருத்துவர்கள் இதை விசித்திரமான ஓர் இடத்தில் பார்த்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் ஒரு கை முழுதாகச் செயலிழந்த சிலருக்கு, கொட்டாவி வரும்போது மட்டும் அந்தக் கை தானாக மேலே எழும்பும். கொட்டாவி முடிந்ததும் விழுந்துவிடும். தூக்கச் சொன்னால் இம்மிகூட நகராத கை! பிரெஞ்சு மருத்துவர் ஒலிவியே வாலுசின்ஸ்கி இதைப் படம்பிடித்து விவரித்திருக்கிறார். நம் விருப்பத்தைக் கைக்குக் கொண்டுபோகும் பாதை அறுந்திருந்தாலும், கொட்டாவியின் பழைய பாதை வேறாக உயிரோடு இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

சரி, எதற்காக? தூங்கப்போகும் முன் கொட்டாவி வருகிறது, எழுந்ததும் வருகிறது, சலிப்பில் வருகிறது. அதோடு, துளியும் சலிப்பில்லாத இடத்திலும் வருகிறது. அமெரிக்காவின் பனிச்சறுக்கு ஓட்ட வீரர் அப்பல்லோ ஓனோ ஒலிம்பிக் பந்தயம் தொடங்கும் முன் கொட்டாவி விட்டதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவருக்குத் தூக்கம் வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விழிப்பும் ஓய்வும் மாறும் இடங்களில் கொட்டாவி வந்து நிற்கிறது. என்ன வேலைக்காக என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. இருக்கும் விளக்கங்களில் அதிகம் சோதிக்கப்பட்டது, எனக்கும் ஓரளவு நம்பிக்கை தருவது, மூளையின் சூடு பற்றியது.

மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சக்தி செலவானால் சூடு உண்டாகும். ஆண்ட்ரூ கேலப் என்ற ஆய்வாளர் சொல்வது: தாடை விரியும்போது முகத்திலும் கழுத்திலும் ரத்த ஓட்டம் கூடுகிறது, இழுக்கும் காற்று வாய், மூக்கு, தொண்டையின் ஈரப்பரப்பில் பட்டு அங்குள்ள ரத்தத்தைக் குளிர்விக்கிறது. டீ மாஸ்டர் டீயை ஆற்றுகிற மாதிரிதான். வெளிக்காற்றில் பட்ட திரவம் சூட்டை விட்டுக்கொடுக்கிறது.

2007-இல் அவர் செய்த சோதனையில், மற்றவர்கள் கொட்டாவி விடும் வீடியோவைப் பார்த்தவர்களின் நெற்றியில் ஒத்தடம் வைத்தார்கள். சூடான அல்லது அறைச்சூட்டில் இருந்த ஒத்தடம் வைத்தவர்களில் 41 சதவீதம் பேருக்குக் கொட்டாவி தொற்றியது. குளிர்ந்த ஒத்தடம் வைத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். மூக்கால் மட்டும் மூச்சுவிடச் சொன்னவர்களில் ஒருவர்கூட விடவில்லை. 2010-இல் எலிகளின் மூளையில் வெப்பமானி பொருத்திப் பார்த்தபோது, கொட்டாவிக்கு முந்தைய நிமிடத்தில் சூடு சுமார் 0.1 டிகிரி ஏறியது, பிறகு இறங்கியது.

எனக்குப் பிடித்தது தெருவில் நடந்த சோதனை. மூளையைக் குளிர்விக்கத்தான் கொட்டாவி என்றால், வெளிக்காற்று உடம்பளவு சுடும்போது அதனால் பயனில்லை, ஆகவே குறைய வேண்டும். அரிசோனாவின் டூசான் பாலைவன ஊர். அங்கே 160 பாதசாரிகளிடம் கொட்டாவிப் படங்களைக் காட்டினார்கள், பாதிப்பேரிடம் குளிர்காலத்தில், பாதிப்பேரிடம் கோடையில். 22 டிகிரி குளிர்காலத்தில் 45 சதவீதம் பேர் கொட்டாவி விட்டார்கள். 37 டிகிரி கோடையில் 24 சதவீதம். கோடையிலும் ஏசிக் கட்டடத்திலிருந்து வெளியே வந்து ஐந்து நிமிடம் ஆகாதவர்கள்தான் அதிகம் விட்டார்கள், நேரம் ஆக ஆக 10 சதவீதத்துக்கும் கீழே போனது.

‘குளிர்காலம் என்றாலே கொட்டாவி கூடும், வெயில் குறைவு, அதனால் மந்தம்’ என்று இதற்கு எளிதாக வேறு காரணம் சொல்லிவிடலாம். அதனால் இதே சோதனையை ஆஸ்திரியாவின் வியன்னாவில் செய்தார்கள். அங்கே தலைகீழ்! 19 டிகிரி கோடையில் 42 சதவீதம் பேர், 1 டிகிரி குளிர்காலத்தில் 18 சதவீதம் பேர். ஆக, பருவம் காரணமில்லை. சுமார் 20 டிகிரியை ஒட்டிய காற்றில் கொட்டாவி அதிகம், கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் குறைவு. இதை வைத்துப் பார்த்தால் அக்னி நட்சத்திரத்தில் பாரிமுனையில் நிற்பவரைவிட ஏசி அலுவலகத்தில் இருப்பவர்தான் கொட்டாவி விட வேண்டும். இது என் ஊகம். யாராவது எண்ணிப் பார்த்தால் நன்றாயிருக்கும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதற்கு ஆதரவு வருகிறது. மூளை பெரிதானால் குளிர்விக்க நீளமான கொட்டாவி வேண்டும் அல்லவா? 2021-இல் வெளியான ஆய்வில் 101 வகைப் பாலூட்டிகள், பறவைகளின் 1291 கொட்டாவிகளைக் கணக்கெடுத்தார்கள். பெரும்பாலும் விலங்குக்காட்சிச் சாலைகளிலும் இணைய வீடியோக்களிலும் எடுத்தவை. மூளையின் எடையும் நரம்பணுக்களின் எண்ணிக்கையும் கூடக் கூடக் கொட்டாவி நீண்டது. சுண்டெலிக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை.

எதிர்ப்பும் உண்டு. 0.1 டிகிரி மாற்றத்தால் மூளைக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்கள். கொட்டாவி விட்டதும் மூளை சுறுசுறுப்பாகிறது என்ற வாதத்துக்கும், மூளை அலைகளைப் பதிவு செய்தவர்களுக்கு ஆதாரம் கிட்டவில்லை.

தொற்றுவது தனிக் கதை. பிறந்த குழந்தையே கொட்டாவி விடும், ஆனால் பிறர் விடுவதைப் பார்த்து விடுவது நான்கைந்து வயதில்தான் தொடங்குகிறது. வாயைத் துணியால் மறைத்தாலும் தொற்றும். வாயை மட்டும் காட்டினால் பெரிதாகத் தொற்றாது, கண்ணும் முகமும் சேர்ந்துதான் சேதி சொல்கின்றன. சிம்பன்ஸிகளுக்குள் தொற்றுகிறது. லண்டனில் 2008-இல் செய்த சோதனையில் மனிதர் விட்ட கொட்டாவி 29 நாய்களில் 21-க்குத் தொற்றியது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2011-இல், குடும்பத்தாரிடமிருந்து அதிகமாகவும், அடுத்து நண்பர்களிடமிருந்தும், அந்நியரிடமிருந்து குறைவாகவும் தொற்றுவதைக் கண்டார்கள். உடனே ‘கொட்டாவி தொற்றாதவருக்கு இரக்கம் கிடையாது’ என்று வாட்ஸ்அப் வரை செய்தி பறந்தது. அதை நம்பி யாரையும் எடைபோட வேண்டாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2014-இல் 328 பேரைச் சோதித்தபோது, இரக்க குணத்துக்கும் தொற்றுவதற்கும் தொடர்பு கிட்டவில்லை. வயது மட்டும் கொஞ்சம் ஒத்துப்போனது, வயதானவர்களுக்குக் குறைவாகத் தொற்றியது. குடும்பத்தாரின் முகத்தை நாம் கூடுதலாகக் கவனிக்கிறோம் என்பதே போதுமான விளக்கமாக இருக்கலாம்.

தொற்றுவதால் என்ன பயன் என்பதற்குத் தென்னாப்பிரிக்கச் சிங்கங்கள் ஒரு குறிப்புத் தருகின்றன. ஒரு சிங்கத்தைப் பார்த்துத் தானும் கொட்டாவி விட்ட சிங்கம், அது எழுந்தால் எழுவதும் படுத்தால் படுப்பதும் மற்ற நேரத்தைவிட 11 மடங்கு அதிகமாக நடந்தது. கூட்டமாக வேட்டையாடும் விலங்குக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விழிப்பது முக்கியம்.

எப்போதாவது இது நோயின் வாசலாகவும் இருக்கும். ஒற்றைத் தலைவலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே சிலருக்கு அடுக்கடுக்காகக் கொட்டாவி வரும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளின் பக்கவிளைவாகவும் வரும், ஓபியாய்டு வகை வலிநிவாரணி மருந்தைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் வரும். நன்றாகத் தூங்கியும் காரணமில்லாமல் பல நாள் ஓயாமல் வந்தால் மருத்துவரிடம் சொல்லலாம், எடுத்துக்கொள்ளும் மாத்திரைப் பட்டியலோடு. மற்றபடி கூட்டத்தில் மேலதிகாரி பேசும்போது வந்தால், அடக்கப் பார்க்காதீர்கள். அடக்கச் சொன்னால் விட வேண்டும் என்ற உந்துதல் கூடுவதாக நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தில் 2017-இல் காட்டியிருக்கிறார்கள். வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள், கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் இருந்தால் நெற்றியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரியிடம் தலைவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.